ஆறு டெசிபல்

ஆறு டெசிபல் பெரிய அளவு ஒன்றும் இல்லை. பேசுகிறவர் முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் குறைகிற சத்தம், அவ்வளவுதான். நல்ல காது உள்ளவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் காது மங்கியவரின் மெஷினில் மேல் சுருதிகளில் மட்டும் ஆறைக் குறைத்து வைத்தால், எதிராளி பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. பத்தொன்பது வருடமாகக் காது மெஷின் பொருத்துகிறவள் நான், எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் செய்தேன்.

கீழே மருந்துக்கடை, மேலே எங்கள் கடை. முன்னால் ஒரு மேஜை, ஒரு கணினி, இரண்டு நாற்காலி. பின்னால் சத்தம் நுழையாத கண்ணாடி அறை. முதலாளி மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்றபடி நான் ஒருத்திதான். நாள் முழுக்கப் பேசுகிற வேலை. "கேக்குதா? இப்ப கேக்குதா? இந்தப் பக்கம்?" காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை இதே பேச்சு. வீட்டுக்குப் போனால் அதுவும் கிடையாது. அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அக்கா தொலைதூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசுவாள், அதில் மூன்று நிமிடம் அவளுடைய முட்டிவலிக்குப் போய்விடும். சபையில் எல்லோரும் கை கொடுத்து "நல்லாயிருக்கீங்களா சிஸ்டர்" என்று கேட்பார்கள், பதில் வருவதற்குள் அடுத்த ஆளிடம் போயிருப்பார்கள். ஐம்பத்து மூன்று வயதில் உனக்கென்னடி தனிமை வேண்டிக்கிடக்கிறது என்று என்னை நானே அதட்டிக்கொள்வேன். அதட்டினால் போய்விடுமா என்ன.

அப்படி இருக்கும்போதுதான் கணக்கு வாத்தியார் வந்தார். எழுபது வயது, மனைவி இல்லாதவர். கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் நின்றால் அதுவும் அவருக்கு மேடைதான். கேள்வி கேட்கிறவர்களின் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை என்று என்னிடம் வந்தார். வந்த அன்றே என் மேஜையில் இருந்த வேதாகமத்தைப் பார்த்துவிட்டார்.

"காதை உங்க கடவுள்தான் படைச்சாரா?"

"ஆமா சார்."

"உத்தரவாதக் காலம் ரொம்பக் கம்மியா இருக்கே."

"உங்களுக்கு எழுபது வருஷம் குடுத்திருக்காரு. எங்க கம்பெனி ரெண்டே வருஷம்தான் குடுக்குது."

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து என்னை 'மெஷினம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

புது மெஷின் பொருத்தினால் நான்கைந்து முறை வரவழைத்துச் சரிபார்ப்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி அவருக்கு. எங்கள் பாஸ்டர் அப்போது நாத்திகர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஒரு வகுப்பு நடத்தி, பன்னிரண்டு பக்கம் நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். நான் அதை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக எடுத்துவிட்டேன். உலகம் தானாக வந்திருக்குமா என்றால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். மனசாட்சி எங்கிருந்து வந்தது என்றால் அதற்கும் ஒன்று. நான்கே செவ்வாயில் எட்டுப் பக்கம் காலி. ஆனால் ஒருநாளும் என்னை மட்டம் தட்டியதில்லை. நான் சொல்வதை முழுக்கக் கேட்பார், யோசிப்பார், பிறகுதான் போட்டு உடைப்பார். ஒருத்தி பேசுவதை இப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஐந்தாவது செவ்வாயில் மெஷின் அச்சாகப் பொருந்திவிட்டது. இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. இரண்டு மெஷின்களும் என் கையில் இருந்தன, அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கழற்றியிருக்கும் நேரத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. நான் அந்த நேரத்தில்தான் உண்மையெல்லாம் பேசுவேன். "நீங்க வரலன்னா எனக்குச் செவ்வாய்க்கிழமையே இல்ல சார்" என்று அன்றைக்கும் சொன்னேன். சொல்லிக்கொண்டே, பேச்சைப் பிடிக்க அவர் நம்பியிருந்த வலது காதில் ஆறைக் குறைத்தேன்.

மறு வாரம் வந்தார். "மறுபடி மங்கலா இருக்கே மெஷினம்மா." இரண்டைத் திரும்பக் கொடுத்தேன், வேறொரு சுருதியில் இரண்டை எடுத்தேன். "போகப் போகச் சரியாகும் சார், அடுத்த வாரம் வாங்க." இப்படியே மூன்று மாதம். பாவம் என்று தெரியாமலா இருந்தேன். ராத்திரி ஜெபத்தில் மற்ற எல்லாவற்றையும் அறிக்கை செய்வேன், இதை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். அவரை ஆண்டவரிடம் கொண்டுவரத்தானே பேசுகிறேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நான் கேட்டது ஆத்துமாவை அல்ல, பேச்சுத்துணையை.

ஒரு செவ்வாயில் அவர் சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "உங்க பன்னெண்டு பக்கமும் எனக்குத் தூசு. எனக்குப் பதில் தெரியாத ஒரே விஷயம் நீங்கதான்."

"நானா சார்?"

"போன இடத்துல எல்லாம் இதைவிடப் பெரிய மெஷின் வாங்குன்னு தலையில கட்டப் பாத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் வேணாம்னீங்க. யாருமே பாக்காத இடத்துல இந்தம்மா ஏன் யோக்கியமா இருக்குதுன்னு வீட்டுக்குப் போய் யோசிப்பேன். அதுக்கு மட்டும் எனக்கு விடை வரல."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அசடு வழியச் சிரித்து, அடுத்த வாரம் வாருங்கள் என்றேன்.

இதற்கிடையில் பாஸ்டருக்கு ஒரு யோசனை. வாத்தியாரைச் சபை மண்டபத்துக்கே அழைத்து, இருவரும் பேசி, பிறகு ஜனங்கள் கேள்வி கேட்கட்டும் என்றார். அழைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். சனிக்கிழமை கூட்டம். செவ்வாய்க்கிழமை அவர் வந்து, "நாலு பேர் முன்னாடி பேசணும், நல்லா வச்சுக் குடுங்க" என்றார்.

கணினியில் அந்த எண் என் கண் முன்னால் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் அடுத்த செவ்வாய் யார் வருவார்? கூட்டம் முடியட்டும், பிறகு கொடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். பாஸ்டர் ஜெயிக்கட்டும் என்ற எண்ணமும் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஓர் ஓரத்தில் இருந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. வாத்தியார் அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார். எங்கள் ஆட்களே வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கேள்வி நேரம். முதல் கேள்வியில் கையைக் காதருகே வைத்தார். "திருப்பிச் சொல்லுங்க." சொன்னார்கள். "இன்னொரு வாட்டி." இரண்டாவது கேள்விக்கும் அதே. மூன்றாவதற்குக் கேட்காத எதற்கோ பதில் சொல்ல ஆரம்பித்து, எதிரே இருந்த முகங்களைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பதில் தெரியலன்னா காது அடைச்சுக்கும் போல" என்றான். மண்டபமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. சிரிப்பு கேட்க மேல் சுருதி வேண்டாம். காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "என் காது ஒத்துழைக்கல, மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு நடு வழியாக நடந்து போனார். கர்த்தருக்கே மகிமை என்றார் பாஸ்டர். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த சிஸ்டர் என் தோளைக் கட்டிக்கொண்டு, "பாத்தீங்களா, தேவன் எப்படி வாயைக் கட்டினாருன்னு" என்றாள். கட்டியது தேவன் இல்லை, காது மெஷின்காரி.

அடுத்த செவ்வாய் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். உட்கார்ந்து, தானே மெஷின்களைக் கழற்றி மேஜையில் வைக்கப் போனவர், ஒரு நிமிடம் நிறுத்தினார்.

"தப்பு உங்க மேல இல்ல மெஷினம்மா. நீங்க உங்களால ஆனது எல்லாம் பண்ணீங்க. காது முடிஞ்சு போச்சு, அவ்ளோதான். இனிமே மேடை வேணாம்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." சொல்லிவிட்டுக் கழற்றி வைத்தார்.

"நான்தான் சார் பண்ணினேன்" என்றேன். "வேணும்னே குறைச்சு வச்சேன். நீங்க வந்துட்டே இருக்கணும்னு."

அவர் என் உதடு அசைவதைப் பார்த்து, தலையாட்டி, மரியாதைக்காக ஒரு சிரிப்பு சிரித்தார். காது கேட்காதவர்கள் எல்லோரிடமும் அந்தச் சிரிப்பு உண்டு. அதைப் பார்த்ததும் என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. கேட்காத காதில் சொல்லிவிட்டு, அறிக்கை செய்தாகிவிட்டது என்று போகப் பார்க்கிறேன்.

மெஷின்களைக் கணினியோடு இணைத்தேன். எடுத்த எல்லாவற்றையும், ஒன்று விடாமல், திரும்ப வைத்தேன். எழுந்து போய் என் கையாலேயே அவர் காதுகளில் பொருத்தினேன். அவர் நிமிர்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதுகூட அவருக்குக் கேட்டிருக்கும்.

"அட" என்றார். "என்ன பண்ணீங்க?"

நான் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இரண்டாவது முறை சொன்னேன். மூன்று மாதத்தில் அவர் காதில் தெளிவாக விழுந்த முதல் பேச்சு அதுதான்.

அவர் வலது காதைத் தொட்டுப் பார்த்தார். "சனிக்கிழமையும்?"

"சனிக்கிழமையும் சார்."

"எனக்குப் புத்தி மழுங்கிடுச்சுன்னு நினைச்சேன். மூணு நாளா அதுதான் நினைப்பு." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "இத ஏன் இப்பச் சொல்றீங்க? சொல்லலன்னா நான் சாகற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

இழுப்பறையில் பன்னிரண்டு பக்கம் இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை.

"அவருக்குத் தெரியும் சார்."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. "இல்லாத ஒருத்தருக்குப் பயந்தா?"

"பயந்து இல்ல. அன்னைக்கு எல்லாரும் அவரு ஜெயிச்சுட்டாருன்னு கை தட்டினாங்க. என் திருட்டுல அவரு ஜெயிக்க வேணாம் சார்."

அவர் எழுந்தார். கதவருகில் நின்று, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "விடை தெரியாத கணக்கு ஒண்ணு வச்சிருந்தேன். அதையும் நீங்களே அழிச்சுட்டீங்க." படியில் அவர் இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரை எனக்குக் கேட்டது. அதன் பிறகு நான் அழுதேன். ஒரு வாடிக்கையாளர் வந்து, மெஷின் இல்லாத காதோடு, பாவம், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது என்று சொல்கிற இடத்தில் இதைச் சொன்னேன். முடித்ததும் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. தோளைக் கட்டிக்கொண்ட சிஸ்டர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நல்லாயிருக்கீங்களா என்ற கேள்வியும் நின்றுவிட்டது. பாஸ்டர் மட்டும் திங்கட்கிழமை கடைக்கு வந்தார். வாத்தியாரின் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, "அவர் வீடு எங்கன்னு சொல்லுங்க. நான் போய் மன்னிப்புக் கேக்கணும். நானும் சேர்ந்துதான சிரிச்சேன்" என்றார்.

பாஸ்டர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்ததில், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கூட்டம் நடந்தது. வாத்தியார் வந்தார். நான் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தேன். என் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது, அதற்கு அடுத்ததில் யாரோ தெரியாத ஒருவர். கேள்விகள் எங்கிருந்து வந்தாலும் வாத்தியார் ஒரே முறையில் பிடித்தார், ஒவ்வொன்றுக்கும் சுடச்சுடப் பதில் கொடுத்தார். பாஸ்டர் திணறினார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். நான் ஒரே ஒரு விஷயத்துக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். எங்களை அடிக்க நான் அவர் கையில் கொடுத்ததைவிட நல்ல தடி கிடையாது. எப்போது எடுப்பார், எப்போது எடுப்பார் என்று இருந்தது.

கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "சார், கிறிஸ்தவங்கள்ல யோக்கியமான ஒருத்தரைக்கூட நீங்க பாத்ததில்லையா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கை தானாக வலது காதுக்குப் போனது. அவர் காகிதங்களைப் பார்த்தபடி, "அடுத்த கேள்வி" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் சாய்ந்து, "கிழவருக்கு இது காதுல விழல போல" என்றார்.

"விழுந்துச்சு" என்றேன். "நல்லா விழுந்துச்சு."