எழுந்து நின்று சொன்ன பதில்

முதலாண்டு ஆங்கில வகுப்புக்காகப் பழைய ஆன்லைன் பாடங்களைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கேள்வி எழுதும் வேலை வந்தபோது, புது விரிவுரையாளர் தன் பேராசிரியரின் பாடங்களையே அடம்பிடித்து வாங்கினாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். “நீ ஒருநாள் இங்கயே பாடம் எடுப்பம்மா” என்று சொன்ன ஒரே மனிதர் அவர்.

அன்று ஓடியது, படிக்கும் காலத்தில் வீட்டில் நெட் இல்லாமல் அவள் தவறவிட்ட வகுப்பு. திரையில் பேராசிரியர், “போன கிளாஸ்ல கேள்வி கேட்டதும் ஒருத்தர் எழுந்து நின்னே பதில் சொன்னாங்க, இப்படி” என்று திடீரென்று எழுந்தார். கேமராவில் வயிறு மட்டும் தெரிய, கைகட்டி நின்று, “சார்... சார்...” என்று இழுத்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

பக்கத்தில் இருந்த தோழிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “யாருடி அந்த லூசு, ஆன்லைன் கிளாஸ்ல எழுந்து நின்னது? இதை வெட்டிடாத, பசங்க தூங்காம கேப்பாங்க.”

“நான்தான்டி.”

தோழியின் முகம் செத்துப்போயிற்று. “சார் சும்மா தமாஷுக்கு...”

“தமாஷா? வாத்தியார் கேட்டா எழுந்து நிக்கணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. மரியாதைடி அது!”

அழுதுகொண்டே அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள். இந்த முறை அவரைப் பார்க்கவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களில் சிரிக்காத முகம் ஒன்றாவது உண்டா என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை.