முடிச்சிடாத நூல்

அப்பாவின் முகம்வரை மூடுவதற்காகப் போர்வையை இழுத்தாள் மகள். கூடவே அவளுடைய சாம்பல் நிறச் சட்டையும் எழுந்து வந்தது. உதறினாள். விழவில்லை.

"என்னடி அது?" என்றாள் அம்மா, கால்மாட்டில் உட்கார்ந்தபடி.

"என் சட்டைம்மா. அப்பா போர்வையோட சேத்துத் தச்சிருக்காரு."

மதிய வெயில் திரைச்சீலை வழியாக வடிந்து, வெதுவெதுப்பான தண்ணீர் போல அறையை நிறைத்திருந்தது. போர்வையை மடியில் போட்டுக்கொண்டு தைத்தவர் அப்படியே கண்ணயர்ந்திருக்கிறார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இனி உடலை எடுத்துப்போக வண்டி வர வேண்டும். நோய்க்குப் பயந்து ஊரே கதவடைத்துக் கிடந்த நாட்கள். தெருவில் ஓர் இலை உருண்டாலும் மாடிவரை கேட்டது.

அப்பா லாரி ஓட்டியவர். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் தங்கினால் அதிகம். அம்மா அவருக்கு வைத்த பெயர் விருந்தாளி. இருப்பதும் அப்படித்தான். டம்ளர் எந்த அலமாரியில் என்று தெரியாமல், தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்கித்தான் குடிப்பார். மகளிடம் பேச அவருக்கு இரண்டே கேள்விகள்: "சாப்ட்டியா?", "நல்லாருக்கியா?"

பிறகு சாலைகளை மூடினார்கள். லாரி ஷெட்டில் நின்றது, விருந்தாளி வீட்டில் நின்றார். ஒருநாள் மகள் பொத்தான் தைப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடேன்" என்றார். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்போடு அவளும் மறந்துபோனதுதான். அவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதே தானும் திரும்பக் கற்றாள்.

"சந்துக்குள்ள லாரிய ரிவர்ஸ் எடுத்துடலாம் டீச்சர். இந்த ஊசிக் காதுதான் வழிவிட மாட்டேங்குது."

"பேச்சக் குறைங்க. நூல் நுனிய நாக்குல வச்சு நனைங்க."

முதல் பொத்தானை முடித்துவிட்டுப் பெருமையாக எழுந்தார். சட்டையும் அவரோடு எழுந்தது. போட்டிருந்த கால்சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

"நல்லவேளை, தொடையோட சேத்துத் தைக்கல!" என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பேரும் ஒரே அறையில் சிரிப்பது மகளுக்குப் புதிதாக இருந்தது. யார் வீட்டிலோ நடப்பதுபோல வேடிக்கை பார்த்தாள்.

அதன்பின் மாலைகள் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. அம்மா மாவு பிசைவாள். மகள் ரேடியோவைத் திருகுவாள். அப்பா தைப்பார். ஒன்று மட்டும் அவருக்குக் கடைசிவரை படியவில்லை: முடிவில் முடிச்சுப் போட மறந்துவிடுவார். அவர் பார்க்காத நேரத்தில் மகள் எடுத்துப் போட்டு வைப்பாள்.

இப்போது சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். நூலின் நுனியில் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சில்லை.

"இந்தச் சட்டையில பொத்தான் நல்லாத்தானே இருந்துச்சு?"

அம்மா போர்வையின் சுருக்கத்தை நீவினாள். "நான்தான் காலையில வெட்டி விட்டேன். வீட்டுல எல்லாத்தையும் தச்சு முடிச்சிட்டாரு. சும்மா உக்காந்திருந்தா ரோட்டையே பாத்துட்டு இருப்பாரு, அதான்."

"இது மட்டுமா?"

"ரெண்டு வாரமா."

கீழே வண்டி வந்து நின்றது. முகமூடி அணிந்த இருவர் படியேறி வந்தார்கள். மூத்தவர் சட்டையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "நூல்தானேம்மா? இழுத்தா வந்துடும்."

வந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். ஒரே இழுப்பு, அவர் கடைசியாகச் செய்த வேலை அவிழ்ந்து கையோடு போய்விடும்.

"தொடாதீங்க," என்றாள். "ஒரு நிமிஷம் குடுங்கண்ணே."

கட்டிலோரம் மண்டியிட்டாள். ஊசியைப் பொத்தானுக்கு அடியில் செலுத்தி, நூலைச் சுற்றி, முடிச்சை இறுக்கினாள். பல்லால் கடித்து நூலை அறுத்தாள். கத்தரிக்கோலைத் திறந்து சட்டைக்கும் போர்வைக்கும் நடுவே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது.

"போர்வைய வெட்டு" என்றாள் அம்மா.

கிழிந்த துண்டைக்கூடத் துடைக்கும் துணியாக்கி இரண்டு வருடம் ஓட்டுகிறவள் அவள். போர்வையை இரண்டு கைகளாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள். மகள் பொத்தானைச் சுற்றி வட்டமாக வெட்டினாள். வந்தவர்கள் இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

அம்மாவும் மகளும் ஏறிக்கொண்ட வண்டி அந்தக் குறுகிய தெருவிலிருந்து பின்பக்கமாகவே வெளியேற வேண்டியிருந்தது. முன்னே போய், பின்னே வந்து, ஓட்டுநர் திணறினார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒடிக்கச் சொல்லுங்க," என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல்.

மகள் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். அடியில் ஒட்டிய போர்வைத் துண்டால் தடித்துப்போன அந்தப் பொத்தான் காஜாவுக்குள் நுழையவில்லை. அம்மா குனிந்து, பள்ளிக்கு அனுப்பும் நாட்களில் செய்ததுபோல முயன்று பார்த்தாள். அவளாலும் முடியவில்லை.

வண்டி திரும்பி நேரானது. வழி நெடுக மகள் அந்த இடத்தை இரண்டு விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.