யார் சளி இது?

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எல்லோரும் அவளை ‘துப்பறியும் அக்கா’ என்பார்கள். பத்தொன்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பவள். எதையும் லேசில் நம்ப மாட்டாள். அன்று காலை வந்த ஒரு சளிக் குப்பியைச் சாய்த்துப் பார்த்ததுமே அவளுக்கு உறுத்தியது.

குப்பி, அச்சகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுடையது. பிறவியிலேயே அவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். அந்த நோயில் நுரையீரல் சளி பசைபோல் கெட்டித்துப் போகும், கிருமி அதில் குடியேறிவிடும். கிருமியை விழுங்க வெள்ளையணுக்கள் திரண்டு வரும். நியூட்ரோஃபில் என்ற வகைதான் முதலில் ஓடிவரும். வந்தவை கிருமியை ஒழிக்கவும் முடியாமல் அங்கேயே செத்துக் கிடந்து, சளியை இன்னும் கெட்டியாக்கும். அவனுடைய சளி எப்போதும் பச்சையாக நூல் இழுக்கும். இதுவோ தண்ணீராக ஓடியது.

சாயமேற்றிப் பார்த்தாள். நியூட்ரோஃபில் மருந்துக்குக்கூட இல்லை. வாயின் உள்தோலிலிருந்து உதிர்ந்த தட்டைச் செல்கள்தான் கிடந்தன.

முதல் சந்தேகம், புதிதாகச் சேர்ந்த உதவியாளர் மேல்.

“லேபிள மாத்தி ஒட்டிட்டியா?”

“சத்தியமா இல்லக்கா. அவரோட தங்கச்சி கொண்டுவந்தாங்க. அவங்க கண்ணு முன்னாடிதான் ஒட்டினேன்.”

பதிவேட்டைப் புரட்டினாள். போன மாதமும் தங்கைதான் கொண்டுவந்திருக்கிறாள். அன்று அக்கா விடுப்பு. போன மாத முடிவும் படு சுத்தம்.

தங்கை வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணன் எப்படிம்மா இருக்காரு?”

“நல்லா இருக்காரு.” கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது.

“இருமல்?”

“அவ்வளவா இல்ல.”

“ரொம்ப சந்தோஷம். அப்ப கிருமி மருந்த நிறுத்திடலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கறேன்.”

தங்கையின் முகம் வெளுத்தது. “ஐயோ, நிறுத்தச் சொல்லாதீங்க! அது... அது என் எச்சில்.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“ஆஸ்பத்திரியில படுத்துப் படுத்தே ரெண்டு வேல போச்சு. இந்த மாசம் தாண்டினா அச்சகத்துல நிரந்தரம். அதுவரைக்கும் படுக்கச் சொல்லிடக் கூடாதுன்னு அண்ணன்தான் கெஞ்சினாரு. இப்ப நாலு நாளா காய்ச்சல். இருமுறப்ப சட்டையில ரத்தம் பட்டிருக்கு. எனக்குத் தெரியாம துவைச்சுப் போடறாரு. நானும் பாக்காத மாதிரி இருக்கேன்.”

“டாக்டரம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்” என்று எழுந்தாள். “அண்ணன் என்னைக் கொன்னே போடுவாரு.”

மதியம் அவன் மூச்சு வாங்க வந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருமித் துப்பிக் கொடுத்தான். ஸ்லைடில் நியூட்ரோஃபில்கள் இண்டு இடுக்கில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தன. பாதி உடைந்து சிதறியிருந்தன. அன்றே அவனைச் சேர்த்து நரம்பில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

அச்சகத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஐந்து நாள் அவன் தங்கையிடம் வாய் திறக்கவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டதும், “சாப்பிட்டியா?” என்று கேட்டானாம். அதைச் சொல்லத் தங்கை ஆய்வகம் வரை ஓடிவந்தாள்.

அடுத்த மாதம் அவனே வந்தான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. காலிக் குப்பியை வாங்கிக்கொண்டு அக்காவை முறைத்தான்.

“நம்ப மாட்டீங்களே. உங்க முன்னாடியே துப்பட்டுமா?”

“அந்தக் கண்ணாடி ரூம்ல போய்த் துப்புங்க தம்பி” என்றாள் அவள். “நான் இங்கருந்தே பாத்துக்கறேன்.”