பிரித்துத் தைத்த கதவு

தெருமுனையில் கடை வைத்திருக்கும் தையல்காரிக்குக் கோணல் தையலைக் கண்டால் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்னால் நிற்பவரின் காலர் பிசகியிருந்தால், இறங்கும்வரை அதையே முறைத்துக்கொண்டு வருவாள். அப்படிப்பட்டவளிடம் போய், அகதிகளாக வந்த பெண்களையும் அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்களையும் சேர்த்துவைத்து ஒரு பெரிய சுவர்த்துணி தைக்கும் வகுப்பை நகராட்சி ஒப்படைத்தது.

ஆளுக்கொரு சதுரத் துணி. மனதுக்குப் பிடித்ததைத் தைக்கலாம். அகதியாக வந்தவர்களில் ஒருத்தியான கணக்கு டீச்சர், தான் விட்டுவந்த வீட்டின் கதவைத் தைத்தாள். ஊரைவிட்டு ஓடிவருமுன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஊசி பிடித்ததே இங்கே வந்துதான். இரண்டு மாதம் விரலெல்லாம் குத்திக்கொண்டு தைத்தாள். ஒரு தையல் எள்ளளவு, அடுத்தது விரலளவு.

"சரியா வருதா அக்கா?"

"அருமையா வருது" என்பாள் தையல்காரி.

விழாவுக்கு முந்தைய நாள், சதுரங்களை இணைக்கக் கடைக்கு எடுத்துப்போன தையல்காரி அந்தக் கதவைப் பிரித்துவிட்டாள். அதிகாரிகள் வருகிறார்கள், பாவம், யாராவது சிரித்துவிட்டால்? நல்ல மனசு என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டாள். அதே நீல நூலில், அச்சடித்ததுபோல் வேறு கதவு தைத்து வைத்தாள்.

விழாவில் டீச்சர் மகளோடு துணியின் முன் நின்றாள்.

"அம்மா, இது உன்னுது இல்லையே."

டீச்சர் மகளின் கையை அழுத்தினாள். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். "பிரமாதமா இருக்கே. யார் தச்சது?"

டீச்சர் ஒரு கணம் தையல்காரியைப் பார்த்தாள். "நான்தான் சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரிக்குக் காதுமடல் சுட்டது. இவளுடைய மானத்தைக் காப்பாற்ற ஒருத்தி பெற்ற மகளின் எதிரில் பொய் சொல்லிவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் வந்தாள். "ரொம்பக் கோணலா இருந்துச்சா அக்கா?"

"கொஞ்சம்... நாலு பேர் பாக்குற இடம், அதான்."

டீச்சர் தலையாட்டினாள். அடுத்த சதுரத்தைத் தொட்டாள். அதில் ஒரு பூனை நொண்டிக்கொண்டு நின்றது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. தையல்காரியின் நாத்தனார் தைத்தது.

"இதை ஏன் பிரிக்கலை?"

குத்தலாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதுபோல்தான் கேட்டாள். நாத்தனார் பூனையில் கைவைத்திருந்தால் ஆறு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். டீச்சர் எதுவும் கேட்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் கை நீண்டிருக்கிறது. அது தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வெட்கத்தில் பூனையின் காலில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கிள்ளினாள்.

அடுத்த வாரம் டீச்சர் வகுப்புக்கு வந்தாள். வராமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. தையல்காரி புதுத் துணியை நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே தச்சிடுங்க அக்கா. நான் நூல் கோத்துத் தர்றேன்."

வகுப்பு முடியும்வரை ஊசி ஊசியாகக் கோத்து, நாத்தனார் உட்பட எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரியும் தலைநிமிராமல் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.