கணவர் நிலை

வண்டூரிலிருந்து ரீத்தா வந்திருக்கிறாள் என்று கேட்டதும், தையல் மெஷின் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல வந்திருப்பாள் என்றுதான் சந்திரமதி நினைத்தாள். தீவுத் தலைநகரில், ஜங்லிகாட் கடைகளுக்கு மேல் மாடியில் இயங்கிய அந்தச் சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடங்களாக நிதிப் பொறுப்பு அவளுடையது. மீனவப் பெண்கள் நாற்பது பேருக்கு மெஷினும் பயிற்சியும் தரும் திட்டத்துக்கு, மும்பை அறக்கட்டளை ஒன்றிடம் பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நின்று மானியம் வாங்கியவள் அவள்தான்.

உள்ளே வந்த ரீத்தா உட்காரவில்லை. வெள்ளைச் சேலை. கழுத்தில் ஒன்றுமில்லை. கையிலிருந்த கவரை மேசைமேல் வைத்தாள்.

"பாடி எங்க கிடைச்சுது மேடம்?"

"யாரோட பாடி?"

"எங்க வீட்டுக்காரரோடதுதான். கிளமெண்டோட பாடி. போலீஸ்ல இன்னிக்கும் லாபதான்னுதான் எழுதி வெச்சிருக்காங்க, காணலன்னு. ஒங்க ஆஃபீசுக்கு மட்டும் யாரு சொன்னா?"

கவருக்குள் அறக்கட்டளையின் கடிதம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் பயனாளிகளுக்கு நேராகவே அனுப்பியிருந்தார்கள். 'மறைந்த தங்கள் கணவர் திரு. கிளமெண்ட் அவர்களின் நினைவாக...' அதற்கு மேல் சந்திரமதியால் படிக்க முடியவில்லை.

கிளமெண்டின் டிங்கிப் படகு கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருடம் ஆகிறது. அப்படிக் காணாமல் போனவர்களின் மனைவிகள் ஆறு பேர் பட்டியலில் இருந்தார்கள். மானியமோ விதவைகளுக்கு மட்டும். விண்ணப்பத்தில் கணவர் நிலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. சந்திரமதி ஆறு இடத்திலும் 'காலமானார்' என்று தட்டினாள். பாவம், ஆறு பேருக்கும் ஒரு பிழைப்பு கிடைக்கட்டும். ஃபைலுக்குள் கிடக்கப்போகும் ஒரு வார்த்தையை யார் பார்க்கப்போகிறார்கள்? அதைத் தட்டிவிட்டு அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவுகூட இருந்தது.

"எங்க ஊரு டீச்சர்தான் படிச்சுச் சொன்னாங்க. இவ்ளோ பெரிய ஆஃபீஸ்ல இருந்து வந்த கடுதாசி, பக்காவாத்தான் இருக்கும்னு சர்ச்சுல அவருக்குப் பூசை வெச்சுட்டேன். மெயின்லேண்டுக்கு போன் போட்டு அவரு அண்ணங்கிட்டயும் சொல்லியாச்சு. சின்ன மகதான் நம்ப மாட்டேங்குறா. அவளுக்கு ஒரு தடவ காட்டிரணும் மேடம். எந்த ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க?"

சந்திரமதி கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"பாடி எதுவும் கிடைக்கல ரீத்தா. அப்படி எழுதினது நான்தான். எழுதலேன்னா ஒனக்கு மெஷின் கிடைச்சிருக்காது."

ரீத்தா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவரு சாகலையா?"

"தெரியாதும்மா."

"தெரியாமலா எழுதுனீங்க?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். சந்திரமதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கே உண்மைய எழுதி அனுப்பிடுறேன். மெஷினத் திருப்பிக் கேப்பாங்க. மானியமே நின்னாலும் நின்னுரும்."

"எடுத்துட்டுப் போகட்டும்" என்ற ரீத்தா, வாசல்வரை போய் நின்றாள். "தெரேசாளுக்கும் நேத்து இதே மாதிரி கவர் வந்துச்சு. இன்னும் பிரிக்கல. டீச்சர் வரட்டும்னு வெச்சிருக்கா."

சந்திரமதி பாய்ந்து பட்டியலை எடுத்தாள். இன்னும் ஐந்து வீடு. தெரேசாளின் எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. போனைக் காதில் அழுத்தியபடியே வெளியே வந்து பார்த்தாள்.

ரீத்தா பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் போன்.

"கவர் வந்ததுலேர்ந்து பத்து நாளா அவரு நம்பருக்குப் போடவே இல்ல மேடம்" என்றாள், திரும்பாமல்.

அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று இந்தியில் ஒரு பெண்குரல் சொல்வது மேலே வரை கேட்டது. ரீத்தா அதை முழுதாகக் கேட்டு முடித்தாள். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு, மறுபடியும் அழுத்தினாள்.