ஜேம் போத்தலில் புளித்த மா

ரோடு சரிந்தது முதலா, அந்த ஜேம் போத்தல் வீட்டுக்கு வந்தது முதலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. ரஜிதாவே அதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத்தான் சொன்னாள். மழையைக்கூட நானே பின்னால் சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. வாசம் மட்டும் அவள் சொன்னதில் ஒருபோதும் மாறவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக்கிடந்த லயத்து வீடுகளில் ஒன்று அவளுடையது. கொழுந்தெடுத்துவிட்டு வந்து கதவைத் தள்ளியதும் அது முகத்தில் அடித்தது. கசிப்பு வாசம், கள்ளச்சாராய வாசம். அவளுடைய அப்பா அந்த வாசத்தோடுதான் செத்துப்போனார். புருஷன் யோகேந்திரன் மாத்தளை மாரியம்மன் கோயிலில், மகள் தினுஷாவின் தலையில் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். தொட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அவளும் சொல்லியிருந்தாள்.

அரிசி வாளிக்குப் பின்னால் போத்தல் இருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

“கசிப்புக்குக் கோடா ஊறப்போட்டிருக்கீங்களா? வீட்டுக்குள்ளயே காய்ச்சப் போறீங்களா?”

“பாண் மா புள்ள. கெஸ்ட் ஹவுஸ் வெள்ளக்கார நோனா குடுத்தது.”

“பாண்தான் கடையில விக்குதே.”

“இது ஈஸ்ட் போடாத பாண். மாவும் தண்ணியும்தான், தானா புளிக்கும். பசியெடுத்தா மேல தண்ணி விட்டு இப்பிடி நாறும். ஒன்ன மாதிரித்தான், நேரத்துக்குச் சாப்பாடு வேணும்.”

“வாயத் தொறங்க.”

திறந்தான். வெற்றிலை வாசம் மட்டும்தான்.

ரிவர்ஸ்டன் பக்கம் அவன் சமையல் செய்த கெஸ்ட் ஹவுஸ், மழையில் மண் சரிந்து ரோடு அறுந்ததிலிருந்து மூடிக்கிடந்தது. மறுபடி திறக்கும்வரை இதைச் சாகவிடாதே என்று நோனா கொடுத்தனுப்பியிருந்தாராம்.

அலுமினியச் சட்டிக்குள் மாவை வைத்து, மூடிமேல் சிரட்டைத் தணல் கொட்டிச் சுட்டான். அடி கருகிப்போனது. தினுஷா ஒரு கடி கடித்துவிட்டு, “பழஞ்சோறு மாதிரி இருக்குப்பா,” என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க ரஜிதாவுக்கு மனசு கூசியது. அவன் வாயை மோந்து பார்த்தவள் அவள்தானே.

காலையில் எழுந்ததும் பாதியை வழித்துக் கொட்டிவிட்டு, புது மாவும் தண்ணீரும் சேர்ப்பான். நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதுபோல அவ்வளவு மெதுவாகக் கலக்குவான்.

பக்கத்து லயத்திலிருந்து வந்த அவள் அம்மா சுந்தரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னாடி வாசம் இது? மாப்பிள்ள ஆரம்பிச்சிட்டாரா?”

“மா புளிக்குதும்மா.”

“மாவு புளிச்சா தோச வாசம்ல வரணும்.”

“இது வேற மா. ஒனக்குத் தெரியாது.”

லயத்தில் யார் கேட்டாலும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி, அந்த வாசம் இருக்கும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றே நம்பத் தொடங்கினாள்.

ரோடு திறந்தது. கெஸ்ட் ஹவுஸ் திறக்கவில்லை. இடத்தை விற்றுவிட்டு நோனா தன் நாட்டுக்கே போய்விட்டார். போனில் அதைக் கேட்ட யோகேந்திரன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு பாண் சுடுவது குறைந்து, நின்றது. “குளிரு. மா ஏறல்ல,” என்பான். வாசம் மட்டும் கூடிக்கொண்டே போனது. மாவுக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கச் சொல்ல மறுபடி அவளுக்கு நா எழவில்லை.

அவளுக்கு வேலையில்லாத ஒரு நாள் அவன் டவுனுக்குப் போயிருந்தான். நாமாவது மா போடுவோம் என்று போத்தலை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றித் திருகினாள். உள்ளே மா சுவர்ப்பூச்சு மாதிரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. மூக்கை உள்ளே வைத்து இழுத்தாள். வெறும் கண்ணாடி.

போத்தலை இறக்கினாள். வீட்டுக்குள் அந்த வாசம் அப்படியே இருந்தது. பாயில் இருந்தது, தலையணையில் இருந்தது, கொடியில் தொங்கிய அவன் சட்டையில் இருந்தது.

வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

“இன்னும் புளிக்குதாடி ஒங்க மா?”

உள்ளதைச் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்றே கிளம்ப வேண்டும். கிளம்பிவிட்டால் அவனைத் தடுக்க இந்த வீட்டில் ஆளே இருக்காது. போத்தலை மடியில் மறைத்துக்கொண்டாள்.

“ஆமாம்மா. புளிக்குது.”

சுந்தரம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் யோகேந்திரன் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். சுந்தரம்மா அதற்குப் பிறகு மகள் வீட்டுக்கு வரவில்லை. தினுஷா அம்மம்மாவிடம் இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். நோனாவைப் பற்றித் தகவல் இல்லை. ரஜிதா அதே லயத்தில் தனியாக இருக்கிறாள். கொழுந்தெடுக்கிறாள்.