வாயால சொல்லு

16 ஜூன் 2024, ஞாயிறு. குடியாத்தம்.

வெள்ளிக்கிழமை எழுதியதில் ஒரு பிழை. அக்கா மகள் ஹரிணியின் காது மெஷினில் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். பாட்டரி இல்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினே போய்விட்டது. தறி ஓடுகிறதா என்று அவள் கட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நேற்று டைப்பிங் வகுப்பை விட்டுவிட்டு அவளை வேலூருக்கு அழைத்துப் போனேன். மெஷின் பார்ப்பவர் அதைத் திறக்கக்கூட இல்லை.

"இந்த மாடல் இப்ப வர்றதில்லம்மா. பார்ட்ஸ் கெடையாது. புதுசுதான் வாங்கணும்."

அவர் சொன்ன விலை, ஆம்பூர் ஷூ கம்பெனியில் அக்காவும் மாமாவும் சேர்ந்து இரண்டு வருடம் வாங்கும் சம்பளம்.

"ஆப்பரேஷன் ஃப்ரீயா பண்ணாங்களே சார்?"

"அது ஒரு தடவதான்."

"அப்ப இவ எப்படி சார் பேசுவா?"

"வாயப் பாக்க வைங்க. கைஜாடை மட்டும் பழக்கிடாதீங்க. வந்த பேச்சும் போய்டும்."

பிறவியிலேயே கேட்காத ஹரிணிக்குக் காதுக்குள் கருவி வைத்து ஆப்பரேஷன் ஆனபோதும் இதையேதான் சொன்னார்கள். மனோரமா அக்காவுக்கும் மகேந்திரன் மாமாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் வீட்டில் பேச்சு கையால்தான். குழந்தைக்குப் பேச்சு வரட்டும் என்று எங்களிடம் விட்டுப் போனார்கள். ஹரிணி எதையாவது கையால் காட்டினால், அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து, "வாயால சொல்லு" என்பேன். இப்போது ஆறு வயது. கை காட்டுவதே இல்லை.

இன்று மதியம் இருவரும் வந்தார்கள். ஹரிணி முன்னால் ஜாடை காட்டிவிடக் கூடாதே என்று, வழக்கம்போல மாமா கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார், அக்கா முந்தானைக்குள். நான் எனக்குத் தெரிந்த ஜாடையில் மெஷின் போனதையும் புதிதின் விலையையும் சொன்னேன். அப்பா தறியை நிறுத்தவில்லை.

"இந்தச் சத்தத்துல நிம்மதியா தூங்கறதுக்கு இனிமே இவ ஒருத்திதான்" என்றார்.

அக்கா கையை வெளியே எடுத்தாள். விரல் நுனிகளில் பசைக் கறை. ஹரிணியை ஆம்பூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஜாடையில் சொன்னாள். கம்பெனியில் காது கேளாதவர்கள் எட்டுப் பேர் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அந்த மேஜையில்தான் சிரிப்பு ஜாஸ்தி. ஹரிணி பிறந்தபோது அவர்கள் அவளுக்கு ஜாடையில் ஒரு பெயர் வைத்தார்கள். கன்னக்குழியில் இரண்டு விரலால் தட்டினால் அவள் என்று அர்த்தம்.

கைஜாடை பழகினால் வந்த பேச்சும் போய்விடும் என்று மெஷின் பார்ப்பவர் சொன்னதையும் அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

அக்கா ஹரிணிக்கு எதிரே உட்கார்ந்து, தன் கன்னத்தில் இரண்டு விரலால் தட்டினாள். ஹரிணி அவள் வாயைப் பார்த்தாள். வாய் அசையவில்லை. அக்கா மறுபடியும் தட்டினாள். ஹரிணி அந்தக் கையைப் பிடித்து இறக்கி, அக்காவின் மடியில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள்.

"வாயால சொல்லு" என்றாள், தறிச் சத்தத்துக்கு மேல்.

நாளை: வாயசைவு தெரியும்படி ஹரிணியை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேட்க வேண்டும்.